எறும்பும் பறவையும்: உதைபந்தாட்ட இரசனையின் சமூக அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

கலையாயினும் விளையாட்டாயினும் ஆற்றல் மிக்க ஒருவரைக் காணுமிடத்து, அவ்வாற்றல் அவருக்கு எவ்வாறு வாய்த்தது என்னும் வினா காண்போர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. புலவருள் ஒருவரை வரகவி என்றும் கருவிலே திருவுடையார் என்றும் போற்றுவதும், பிறிதொருவரைக் கற்றுப் பழகித் தேறியவர் என மதிப்பதும் தமிழிலக்கிய உலகம் நன்கறிந்த வழக்காகும். இவ்விரு பாராட்டுகளும் ஒரே தரத்தன அல்ல. முன்னதில் வியப்பு உண்டு. பின்னதில் மதிப்பு மட்டுமே உண்டு. இதே வேறுபாடு உதைபந்தாட்ட இரசிகரிடையே இன்னும் கூர்மையாக வெளிப்படுகின்றது. தொண்ணூறு நிமிடமும் மூச்சிரைக்க ஓடி, எதிரணியினரிடமிருந்து பந்தைப் பறித்து, சேற்றிலும் வியர்வையிலும் நனைந்து வெளியேறும் வீரரை ஒரு சாரார் தம்முள் ஒருவராகக் கொண்டாடுவர். மறுசாரார், ஆட்டத்தின் பெரும்பகுதியில் அசையாது நின்றாலும், பந்து காலிற் பட்ட கணத்தில் எவரும் எதிர்பாராததைச் செய்துகாட்டும் வீரருக்காகவே மைதானத்துக்கு வருவர்.

இவ்வேறுபாட்டுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் நாட்டுப் பண்பு என்பதாகும். ஆங்கிலேயர் உழைப்பை விரும்புவர், பிறேசிலியர் வித்தையை விரும்புவர் என்று கூறி அமைவோர் பலர். இது விளக்கமன்று, விளக்கப்படவேண்டியதை வேறு சொற்களிற் திரும்பக் கூறுவதேயாகும். ஒரு நாட்டு மக்களின் இரசனை அவர்தம் குருதியில் ஊறி வருவதில்லை. அது அவர்கள் உழைத்த விதத்திலிருந்தும், அவ்வுழைப்புக்கு அவர்கள் பெற்ற மதிப்பிலிருந்தும் உருவாகின்றது. அதுமட்டுமன்று. ஒருவரின் திறமையை இயற்கை தந்தது என்று கூறும்போது, அத்திறமைக்காக அவர் செலுத்திய உழைப்பு கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றது. இந்நீக்கத்தால் நன்மையடைவோர் யார் என்பதே இப்பொருளில் நாம் கேட்கவேண்டிய கேள்வி. இங்கிலாந்து, பிறேசில் ஆகிய இரு நாடுகளின் வரலாற்றை அருகருகே வைத்து நோக்கின் இது தெளிவுறும்.

இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்தின் விதிகளை வகுத்தோர் உயர்குடிப் பாடசாலைகளிற் பயின்ற கனவான்கள். அதனைத் திரளான மக்களின் ஆட்டமாக்கியது ஆலைத் தொழிலாளரின் ஓய்வு நேரம். 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் வேலைசெய்வதைத் தடைசெய்தது. சனிக்கிழமை அரைநாள் ஓய்வு படிப்படியாக ஏனைய தொழில்களுக்கும் பரவ, அப்பிற்பகற் பொழுது உதைபந்தாட்டத்துக்குரியதாயிற்று. 1883 ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியில், லங்காஷயர் மாவட்டத்தின் பிளாக்பேர்ன் ஒலிம்பிக் அணி, ஈற்றன் பாடசாலைப் பழைய மாணவர் அணியை 2-1 என வென்றது. வென்றவர்களில் நெசவாலைத் தொழிலாளரும் இரும்புத் தொழிலாளரும் இருந்தனர். இப்போட்டிக்கு ஆயத்தமாக அவர்கள் பிளாக்பூல் கடற்கரை நகருக்குச் சென்று தங்கிப் பயிற்சி செய்தனர். விளையாட்டுக்காக வேலைபோற் பயிற்சி செய்வது கனவான்களுக்கு அழகன்று என்று கருதப்பட்ட காலம் அது. முயற்சி தெரியாது வெல்வதே உயர்குடிக்குரிய இலக்கணம். எனவே, வரலாற்றில் இயல்பான திறமை என்னும் கருத்து இங்கிலாந்தில் முதலில் ஏழைகளுக்கு உரியதாக இருக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. அது செல்வரின் உரிமையாகவே இருந்தது.

ஆயின் வென்றவர்கள் தமது பயிற்சியை மறைக்கவில்லை. 1885 இல் ஊதியம் பெற்று ஆடுதல் சட்டபூர்வமாக்கப்பட்டது. 1888 இல் 12 கழகங்களைக் கொண்டு உதைபந்தாட்ட லீக் தொடங்கப்பட்டது. அவை யாவும் வட, மத்திய இங்கிலாந்தின் தொழில் நகரங்களைச் சார்ந்தவை. ஆட்டவீரர் ஒரு தொழிலாளியானார். 1901 ஆம் ஆண்டு முதல் அவரது ஊதியத்துக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. 1961 இல் அவ்வரம்பு நீக்கப்படும்போது அது வாரத்துக்கு 20 பவுண்களாகவே இருந்தது. அறுபது ஆண்டுகளாக மைதானத்தில் ஆடியவரும் படிக்கட்டில் நின்று பார்த்தவரும் ஏறத்தாழ ஒரே தெருவில் வாழ்ந்தனர். தன் தொழிலைச் சோம்பலின்றிச் செய்பவனுக்குத் தொழிலாளர் குடியிருப்பில் என்ன மதிப்பு உண்டோ, அதே மதிப்பே இடைவிடாது ஓடும் வீரருக்கும் கிட்டியது. உழைக்காதவன் சக தொழிலாளியின் சுமையைக் கூட்டுகிறான் என்பது ஆலையின் அறம். அதுவே மைதானத்தின் அறமும் ஆயிற்று. 1966 இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது, கோல் போடாத, நளினமற்ற, பந்தைப் பறித்துக் கொடுப்பதையே பணியாகக் கொண்ட நொபி ஸ்ரைல்ஸ், கிண்ணத்தை ஏந்தி வெம்பிளியிற் குதித்தாடிய காட்சி அந்நாட்டினரின் நினைவில் நிலைத்துவிட்டதற்குக் காரணம் இதுவே.

இதனைக்கொண்டு ஆங்கில இரசிகர் வித்தையை வெறுத்தனர் என முடிவுசெய்வது தவறாகும். 1953 ஆம் ஆண்டுச் சங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் பிளாக்பூல் அணி, 3-1 எனப் பின்தங்கியிருந்தும், போல்ற்றன் அணியை 4-3 என வென்றது. அப்போட்டியில் ஸ்ரான் மோட்டென்சன் மூன்று கோல்களைப் போட்டார். எனினும், அது இன்றுவரை மத்தியூஸ் இறுதிப் போட்டி என்றே வழங்குகின்றது. வலது ஓரத்திலிருந்து எதிரணியின் காப்பை மீண்டும் மீண்டும் நிலைகுலைத்த ஸ்ரான்லி மத்தியூஸுக்கு அப்போது வயது 38. உழைப்பை அறமாகக் கொண்ட மக்களும் கோல் போட்டவரை விட்டு வித்தை காட்டியவரின் பெயரையே அப்போட்டிக்குச் சூட்டினர். ஆனால் இவ்வித்தையின் வரலாறு யாது? குத்துச்சண்டை வீரராகவும் முடிதிருத்துநராகவும் இருந்த தந்தையின் கண்டிப்பில், சிறுவயது முதல் விடியற்காலையில் எழுந்து உடற்பயிற்சி செய்து வளர்ந்தவர் மத்தியூஸ். 1965 இல், தமது ஐம்பதாவது வயதிலும் அவர் முதற்பிரிவுப் போட்டியில் ஆடினார். ஸ்ரைல்ஸின் உழைப்பு இரசிகரின் கண்முன் நிகழ்ந்தது. மத்தியூஸின் உழைப்பு ஊர் விழிக்குமுன்னர் நிகழ்ந்து முடிந்தது. முன்னவரை உழைப்பாளி என்றும் பின்னவரை மந்திரவாதி என்றும் அழைத்தமைக்கு அடிப்படை, உழைப்பின் அளவன்று. அது நிகழ்ந்த இடமேயாகும்.

பிறேசிலின் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1888 இல், இங்கிலாந்தில் லீக் தொடங்கப்பட்ட அதே ஆண்டில், பிறேசிலில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தில் அதனை இறுதியாக ஒழித்த நாடு அதுவே. விடுதலை பெற்றோருக்கு நிலமோ கல்வியோ வழங்கப்படவில்லை. உதைபந்தாட்டம் அங்கே செல்வக் குடும்பத்தினரின் கழகங்களிற் தொடங்கியது. 1894 இல் இங்கிலாந்திற் கல்வி கற்றுத் திரும்பிய சார்ள்ஸ் மில்லர் அதனைச் சாவோ பவுலோவுக்குக் கொண்டுவந்தார் என்பர். றியோ டி ஜனெய்றோவின் பெருங்கழகங்களில் வெள்ளையரான மாணவரும் மருத்துவரும் வழக்கறிஞருமே ஆடினர். கறுப்பின மக்கள் வெளியே தெருக்களிலும் வெற்று நிலங்களிலும் ஆடினர்.

1923 இல் இந்நிலை குலைந்தது. போர்த்துக்கேய வணிகரின் ஆதரவு பெற்ற வாஸ்கோ ட காமா கழகம், கறுப்பரும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் கலந்த ஓர் அணியைக் கொண்டு, முதற்பிரிவுக்கு வந்த முதலாண்டிலேயே றியோவின் பட்டத்தை வென்றது. அவ்வணியின் வெற்றி இரகசியம் யாதென நோக்கின் வியப்பாக இருக்கும். உருகுவே நாட்டுப் பயிற்றுநர் றமோன் பிளட்டேரோவின் கீழ் அவர்கள் அன்றாடம் ஓடி உடலை உரமேற்றினர். கனவான்களின் அணிகள் பிற்பாதியிற் களைத்தபோது வாஸ்கோ அணி களைக்கவில்லை. பிளாக்பேர்னில் 1883 இல் நிகழ்ந்தது நாற்பதாண்டுகளின் பின்னர் றியோவில் மீண்டும் நிகழ்ந்தது. தோற்றவர்களின் முறைப்பாடும் ஒன்றாகவே இருந்தது: இவர்கள் விளையாடவில்லை, வேலைசெய்கிறார்கள் என்பதே அது. 1924 இற் பெருங்கழகங்கள் பிரிந்து சென்று புதிய சம்மேளனம் ஒன்றை அமைத்து, தகுந்த தொழிலும் சமூக நிலையும் அற்றோர் எனக் கூறி 12 வீரர்களை நீக்குமாறு வாஸ்கோ கழகத்தைக் கேட்டன. கழகத் தலைவர் அதனை மறுத்து எழுதிய கடிதம் பிறேசிலின் விளையாட்டு வரலாற்றில் அழியா ஆவணமாக நிலைத்துள்ளது.

இங்கு நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. கறுப்பின வீரர் பெருங்கழகங்களின் மேலாதிக்கத்தை உடைத்தபோது, அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் அவர்கள் மிகையாகப் பயிற்சி செய்தனர் என்பதே. பதினைந்து ஆண்டுகளுக்குள் கதை தலைகீழாயிற்று. 1933 இல் பிறேசிலிலும் தொழில்முறை ஆட்டம் ஏற்கப்பட்டது. 1938 இல் பிரான்சில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிற் பிறேசில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. கறுப்பின வீரர் லியோனிடாஸ் 7 கோல்களைப் போட்டு அனைவரிலும் முதல்வரானார். அவ்வாண்டு ஜூனில் சமூகவியலாளர் கில்பேர்ட்டோ பிறெய்றே எழுதிய கட்டுரை ஒன்று, ஐரோப்பியரின் ஆட்டம் ஒழுங்கும் கணிப்பும் கொண்டது எனவும், பிறேசிலியரின் ஆட்டம் கலப்பினக் குருதியின் நடனம் போன்றது எனவும் விளக்கியது. கறுப்பரை இழிவுசெய்த ஒரு சமூகத்தில் அவர்களின் பங்களிப்பை நாட்டின் பெருமையாக உயர்த்தியது என்றவகையில் அக்கட்டுரை முற்போக்கானதே. மாறியோ பில்ஹோ 1947 இல் வெளியிட்ட, பிறேசிலிய உதைபந்தாட்டத்திற் கறுப்பர் பற்றிய நூலுக்குப் பிறெய்றேயே முன்னுரை வழங்கினார். எனினும் இப்புகழ்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. 1923 இற் குற்றமாகக் காணப்பட்ட உழைப்பு 1938 இற் காணாமலே போயிற்று. நடனம் குருதியிலிருந்து வருவதாயின், அதற்குப் பயிற்சியும் சிந்தனையும் எதற்கு?

இவ்விளக்கத்தைப் பிறேசிலின் ஏழை இரசிகரும் மனமுவந்து ஏற்றமைக்கு நியாயம் உண்டு. ஆங்கிலத் தொழிலாளிக்கு உழைப்பு தன்மானத்தின் அடையாளம். சங்கம் அமைத்து, நேரத்தைக் குறைத்து, கூலியை உயர்த்திய வரலாறு அதற்குப் பின்னால் உண்டு. அடிமைமுறையிலிருந்து வெளிவந்த சமூகத்தில் உடலுழைப்பு அவ்வாறு காணப்படவில்லை. அது பிறரின் சாட்டைக்குக் கீழ்ச் செய்யப்பட்ட ஒன்றின் நினைவு. ஆகவே அங்கு சுதந்திரத்தின் அடையாளம் உழைப்பன்று. உழைப்பைத் தந்திரத்தால் தவிர்த்து, தன்னைவிட வலியவனை ஏமாற்றி நழுவிச் செல்லும் சாதுரியமாகும். பிறேசிலியர் மலாந்திறோ என அழைக்கும் அச்சாதுரியக்காரன் அவர்களின் பாடல்களிலும் கதைகளிலும் நாயகனாக விளங்குபவன். தன்னைத் தடுக்க வந்தவனை உடலசைவால் ஏமாற்றிக் கடந்து செல்லும் வீரரில் இரசிகர் கண்டது அந்நாயகனையே. இங்கிலாந்தின் இரசிகர் தமது வாழ்வை மைதானத்திற் கண்டனர். பிறேசிலின் இரசிகர் தமது வாழ்வில் இல்லாததை மைதானத்திற் கண்டனர். முன்னது அங்கீகாரம், பின்னது விடுதலை பற்றிய கனவு.

இவ்விரு நிலைகளும் ஒரே அணியில் இரு வீரர்களாக உருக்கொண்டமை வரலாறு தந்த வாய்ப்பாகும். 1958, 1962 ஆம் ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்ற பிறேசில் அணியின் வலது ஓரத்திற் கரிஞ்சா ஆடினார். இடது ஓரத்தில் மாறியோ ஸகாலோ ஆடினார். கரிஞ்சா என்பது ஒரு சிறு பறவையின் பெயர். ஸகாலோவுக்கு வழங்கிய பட்டப்பெயரின் பொருள் சின்ன எறும்பு என்பதாகும். முன்னணி வீரராயினும் நடுக்களத்துக்கு ஓடித் திரும்பிக் காப்புக்கும் துணைநின்றவர் ஸகாலோ. அவர் அவ்வாறு ஓடியதனாலேயே கரிஞ்சா தமது ஓரத்தில் நின்று வித்தை காட்ட முடிந்தது எனின் மிகையாகாது. எறும்பின்றிப் பறவை பறந்திராது. ஆயின் இரசிகர் மக்களின் மகிழ்ச்சி என்று பெயரிட்டு அழைத்தது கரிஞ்சாவையே. ஸகாலோ ஆட்டவீரராக இரு தடவையும், 1970 இற் பயிற்றுநராகவும், 1994 இல் இணைப்பாளராகவும் உலகக் கிண்ண வெற்றிகளிற் பங்குகொண்டவர். அவ்வளவு வெற்றியும் அவருக்கு மரியாதையைத் தந்தது. கரிஞ்சாவுக்குக் கிடைத்த அன்பை அது தரவில்லை.

அந்த 1970 ஆம் ஆண்டு அணியே இயல்பான திறமைக்கு உலகம் காட்டும் தலைசிறந்த சான்று. பெலே, டொஸ்ராவ், ஜெயர்சின்ஹோ, றிவலீனோ, ஜேர்சன் ஆகியோர் ஆடிய அவ்வணியின் நினைவு ஒரு கவிதை போலவே பேசப்படுகின்றது. ஆனால் போட்டி விபரங்களை நோக்கின் வேறொரு செய்தி கிட்டும். செக்கோசிலோவாக்கியாவுக்கு எதிராக இடைவேளையில் 1-1, முடிவு 4-1. அரையிறுதியில் உருகுவேக்கு எதிராக இடைவேளையில் 1-1, முடிவு 3-1. இறுதியில் இத்தாலிக்கு எதிராக இடைவேளையில் 1-1, முடிவு 4-1. மெக்சிக்கோவின் உயரத்திலும் வெயிலிலும் ஏனையோர் களைத்த வேளையிலேயே பிறேசில் வென்றது. இராணுவக் கப்டன் கிளவுடியோ கொட்டின்ஹோ உள்ளிட்ட உடற்பயிற்சியாளர் குழு, அக்காலத்தின் புதிய விஞ்ஞான முறைகளைக் கொண்டு அவ்வணியைப் பலவாரங்கள் ஆயத்தப்படுத்தியிருந்தது. அன்று அந்நாட்டை ஆண்டது இராணுவ ஆட்சி என்பதும் மறக்கற்பாலதன்று. 1923 இன் வாஸ்கோ அணியைப் போன்றே 1970 இன் அணியும் பிற்பாதியில் வென்றது. உலகமோ நடனத்தையே கண்டது.

ஓட்டமும் ஒழுங்கும் வெளிப்படையாகத் தெரிந்த அணிக்கு நேர்ந்தது வேறு. 1982 இல் ஸிக்கோ, சோக்கிறட்டீஸ், பல்காவ் ஆகியோரைக் கொண்ட அணி 5 ஆட்டங்களில் 15 கோல்களைப் போட்டும், இத்தாலியிடம் 3-2 எனத் தோற்று வெளியேறியது. 1994 இல் துங்காவின் தலைமையில் ஆடிய அணி 7 ஆட்டங்களில் 11 கோல்களே போட்டு, இறுதியில் இத்தாலியைப் பெனல்டி உதைகளால் வென்று கிண்ணத்தைப் பெற்றது. 1990 இல் ஆர்ஜென்ரீனாவிடம் தோற்ற அணியின் கடும் உழைப்பு ஆட்டமுறைக்குத் துங்காவின் பெயரையே வசைச்சொல்லாகப் பத்திரிகைகள் சூட்டியிருந்தன. வென்ற துங்காவைவிடத் தோற்ற சோக்கிறட்டீஸே இன்றும் கூடுதலான பரிவோடு நினைக்கப்படுகிறார். இரசனை வெற்றியைப் பின்தொடர்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்போக்கு உதைபந்தாட்டத்துக்கு மட்டும் உரியதன்று. 2011 இல் வெளியான உளவியல் ஆய்வொன்றில், தொழில்முறை இசைக்கலைஞருக்கு ஒரே பியானோக் கலைஞரின் வாசிப்பின் இரு பகுதிகள் ஒலிக்கவிடப்பட்டன. ஒன்றை வாசித்தவர் இயல்பாகவே திறமை வாய்ந்தவர் எனவும் மற்றதை வாசித்தவர் உழைப்பால் உயர்ந்தவர் எனவும் அவர்களுக்குக் கூறப்பட்டது. உழைப்பே முக்கியம் என வாயளவிற் கூறிய அவர்கள், இயல்பானவர் எனப்பட்டவரின் வாசிப்புக்கே உயர்ந்த மதிப்பளித்தனர். 2020 இல், ஐரோப்பாவின் நான்கு பெரிய லீக்குகளின் 80 போட்டிகளுக்கான வர்ணனைகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, அறிவுக்கும் உழைப்புக்குமான பாராட்டு வெளிர்நிற வீரருக்குக் கூடுதலாகவும், உடல்வலிமை, வேகம் பற்றிய பேச்சு கருநிற வீரரைப் பற்றியே கூடுதலாகவும் வந்தமையைக் காட்டியது. பிறெய்றேயின் 1938 ஆம் ஆண்டு வேறுபாடு, அவர் கருதிய நல்லெண்ணம் நீங்கி, ஒலிபெருக்கிகளில் இன்னும் வாழ்கின்றது.

மனிதரிடையே இயற்கையான வேறுபாடுகள் இல்லை என்பது இதன் பொருளன்று. ஒரே பயிற்சியைப் பெற்ற இருவர் ஒரே அளவு தேறுவதில்லை என்பதை எந்தப் பயிற்றுநரும் அறிவார். கரிஞ்சாவின் இரு கால்களும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. அவரது நகர்வைப் பின்பற்றிக் கற்க எவராலும் இயலவில்லை. மறுக்கப்படவேண்டியது இயற்கையன்று, இயற்கை என்னும் சொல் செய்யும் வேலையே. அவ்வேலை யாது என்பதை அவரது வாழ்வின் முடிவு காட்டும். நெசவாலை ஊரான பௌ கிறாண்டேயிற் பிறந்து, சிறுவயதிலேயே அவ்வாலையில் வேலைக்குச் சென்றவர் கரிஞ்சா. தொகை எழுதப்படாத ஒப்பந்தத் தாள்களிற் கையொப்பமிட்டவர். முழங்கால்கள் பழுதுற்ற பின்னரும் ஊசிமருந்தின் துணையோடு ஆடுவிக்கப்பட்டவர். 1983 ஜனவரி 20 இல், 49 வயதில், மதுவால் உடல் சிதைந்து வறுமையில் மாண்டார். அவரது உடல் மறக்கானா மைதானத்தில் வைக்கப்பட்டபோதும், பௌ கிறாண்டேயை நோக்கி எடுத்துச் செல்லப்பட்டபோதும் மக்கள் திரண்டு நின்று அழுதனர். அவ்வழுகை மெய்யானதே. ஆயினும் பறவை பாடுவதற்குக் கூலி கேட்பதில்லை என்று நம்பப்பட்ட ஒரு சூழலில், அவருக்கு வழங்கவேண்டிய கூலி பற்றி உரிய காலத்திற் கேட்போர் அருகியே இருந்தனர். இயற்கை இலவசமாகத் தந்ததை இலவசமாகப் பெற்றுக்கொள்வதில் யாருக்கும் கூச்சம் எழுவதில்லை.

உழைப்பாளியைப் போற்றும் இரசனையும் இக்குறையினின்று நீங்கியதன்று. 1961 இல் ஊதிய வரம்பு நீங்கியதும் புல்ஹாம் கழகத்தின் ஜோனி ஹெயின்ஸ் வாரத்துக்கு 100 பவுண் பெறலானார். அதன்பின் ஆட்டவீரரின் ஊதியம் இரசிகரின் ஊதியத்தினின்று வெகுதூரம் விலகிவிட்டது. தோழமையின் அடையாளமாக இருந்த வியர்வை, படிப்படியாகக் கடனை அடைக்கும் அடையாளமாக மாறிற்று. இவ்வளவு பணம் வாங்குபவன் ஓடவாவது வேண்டாமா என்னும் கூச்சலில் தோழனின் குரல் குறைந்து, மேற்பார்வையாளரின் குரலே ஓங்கி நிற்கின்றது. ஆலையிற் தன்னை நோக்கி எழுப்பப்படும் குரலை இரசிகர் வார இறுதியில் வீரரை நோக்கி எழுப்புகிறார். அதேவேளை, ஓடுபவர் எங்கே எப்போது ஓடவேண்டும் என்பதைக் கணிப்பதிலுள்ள அறிவும் கவனிக்கப்படாது போகின்றது. வித்தைக்காரரின் உழைப்பு மறைக்கப்படுவது போலவே, உழைப்பாளியின் வித்தையும் மறைக்கப்படுகின்றது.

எனவே எறும்பா பறவையா என்னும் விவாதம் மைதானத்திற் தீர்க்கப்படக்கூடியதன்று. அது உழைப்பின் பயன் உழைப்பவரைச் சேராத சமூகங்களில் எழும் விவாதம். தன் வேலையில் மதிப்பைக் கண்டவர்கள் எறும்பையும், தன் வேலையில் விலங்கைக் கண்டவர்கள் பறவையையும் நேசிக்கின்றனர். இரு நேசங்களும் நியாயமானவையே. விமர்சகரின் கடமை இவற்றுள் ஒன்றைத் தேர்வதன்று. மத்தியூஸின் விடியற்காலையையும் வாஸ்கோ வீரரின் ஓட்டத்தையும் கரிஞ்சாவின் முழங்காலையும் இரசனையின் கணக்கிற் சேர்ப்பதே அவர்தம் கடமை. விளையாட்டுக்குப் பொருந்தும் இந்நியதி கவிதைக்கும் கூத்துக்கும் இசைக்கும் பொருந்தும். ஒரு கலைஞரைப் பிறவியிலேயே வாய்க்கப்பெற்றவர் எனப் புகழுமுன், அப்புகழ்ச்சி அவருக்கு எதனைத் தருகின்றது என்பதோடு, அவரிடமிருந்து எதனை எடுத்துக்கொள்கின்றது என்பதும் கேட்கப்படல் வேண்டும்.